நீலம் இரண்டாம் நாளே வந்தது, மணம் வர இரண்டு மாதம் ஆனது

நேற்று ஞாயிறு காலை பத்தரை மணிக்கு, நிறம் மாறும் சங்குப்பூ எலுமிச்சைச் சாற்றை ஒன்பதாவது முறையாகக் கலந்தேன். கண்ணாடி டம்ளரின் அடியில் எலுமிச்சையின் வெளுத்த மஞ்சள், மேலே சங்குப்பூவின் கருநீலம், இரண்டும் தொடும் இடத்தில் விரல் அகலத்துக்கு ஊதா. கரண்டியை விட்டு ஒரு சுற்று சுற்றியதும் டம்ளர் முழுக்க நாவற்பழச் சாறு மாதிரி ஆகிவிட்டது. அண்ணன் மகள் பாப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, "அத்தை, மல்லி வாசனை வருது!" என்றாள். நிறத்தைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதை அவள் மார்ச்சிலேயே பார்த்துவிட்டாள். இந்த வாசனைக்காகத்தான் மே நடு வரைக்கும் இழுத்தது.

தொடக்கம் புதுச்சேரியில். பள்ளித் தேர்வு முடிந்ததும் அவளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். பாரதி பூங்கா பக்கம் ஒரு கடையில் 'நிறம் மாறும் மலர் லெமனேடு' என்று எழுதி 220 ரூபாய் போட்டிருந்தார்கள். நீலத் தண்ணீர் ஒரு டம்ளரில், எலுமிச்சைச் சாறு சின்னக் குப்பியில். அவளே ஊற்றி, நிறம் புரள்வதைப் பார்த்துக் கைதட்டினாள். நானும் ஒரு வாய் குடித்தேன். சர்க்கரையும் புளிப்பும் இருந்தன, பூ எங்கேயும் இல்லை. கடலூருக்குத் திரும்பும் பஸ்ஸில், "நம்ம வீட்டு மதில்ல இருக்கிற பூதானே அத்தை இது?" என்று கேட்டாள். ஆமாம், அதே பூதான்.

எங்கள் வீடு திருப்பாதிரிப்புலியூரில். மதிலில் இருந்த பழைய கொடி முருங்கை மரத்தைப் பற்றி ஏறியிருந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது முருங்கை முறிந்து விழுந்தது, கொடியும் கூடவே போனது. நல்ல வேளையாக அம்மா காய்ந்த நெற்று பத்துப் பதினைந்தைத் தகர டப்பாவில் போட்டு வைத்திருந்தார். தை மாதம் அந்த விதைகளை நகவெட்டியால் ஒரு ஓரம் லேசாகக் கிள்ளி, ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து ஊன்றினேன். கிள்ளியவை ஆறு நாளில் முளைத்தன. கிள்ளாமல் போட்டதில் பாதிக்கு மேல் முளைக்கவே இல்லை. இப்போது மூன்று கொடி இருக்கின்றன, இரண்டில் அடுக்குப் பூ, ஒன்றில் ஒற்றைப் பூ. நாளைக்குப் பதினைந்து முதல் இருபது பூ கிடைக்கிறது. வெயில் ஏறினால் பூ சுருங்கிவிடும். காலை ஏழு மணிக்குள் பறித்துவிட வேண்டும்.

முதல் முயற்சியை நினைத்தால் இப்போதும் அந்த வாசனை மூக்கில் நிற்கிறது. இருபது புதுப் பூவை அப்படியே காம்போடு, பால் காய்ச்சும் பாத்திரத்தில், எங்கள் போர் தண்ணீர் அரை லிட்டரில் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டேன். பூ வெளுத்தது, தண்ணீர் நிறம் பிடித்தது, ஆனால் அது நீலம் இல்லை. மயில்துத்தம் கரைத்த மாதிரி பச்சை கலந்த நீலம், மேலே வெள்ளையாக மெல்லிய ஆடை. குடித்தால் அவரைக்காய் வேகவைத்த தண்ணீர். எலுமிச்சையை ஊற்ற ஊற்ற நிறம் அசையாமல் கிடந்தது. ஒரு பழம் முழுக்கப் பிழிந்த பிறகுதான் ஊதா வந்தது, அதுவும் கலங்கலாக. பாப்பாவின் முகம் வாடிப் போனது.

அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "காக்கணம்பூவைக் கீரை மாதிரி வேகவைப்பாங்களா? காம்பைக் கிள்ளி, வெந்நீர்ல போட்டு மூடி வை" என்றார். சங்குப்பூவுக்கு இன்னொரு பெயர் காக்கணம்பூ. மறுநாள் அப்படியே செய்தேன். பச்சைக் காம்புப் பகுதியைக் கிள்ளி எறிந்துவிட்டு இதழ்களை மட்டும் எடுத்தேன். தண்ணீரையும் மாற்றினேன். இருபது லிட்டர் கேன் தண்ணீரிலிருந்து அரை லிட்டர் எடுத்து, கொதி வந்ததும் அடுப்பை அணைத்து, மூன்று நிமிடம் ஆறவிட்டு, பூவைப் போட்டுப் பத்து நிமிடம் மூடி வைத்தேன். திறந்தால் புது மைப்புட்டியைத் திறந்தது போல நீலம். அவரைக்காய் நாற்றத்தில் முக்கால்வாசி போயிருந்தது.

பூவை மல்துணியில் வைத்து முறுக்கிப் பிழியவும் கூடாது. ஒருமுறை பிழிந்து பார்த்தேன். கொழகொழப்பாக ஏதோ இறங்கி, தெளிவு போய்விட்டது. டீ வடிகட்டியில் தானாக வடிய விட்டால் போதும்.

காம்பா, கொதியா, தண்ணீரா, எது நிறத்தைக் கெடுத்தது என்று தனித்தனியாகத் தெரிந்தாக வேண்டும் என்று தோன்றியது. கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்க்கும் தோழி ஒருத்தி பி.எச். தாள் புத்தகம் ஒன்று வாங்கித் தந்தாள், 120 ரூபாய். தண்ணீர் புளிப்பா, அதற்கு எதிரான காரத்தன்மையா என்று காட்டும் தாள் அது, ஏழுக்குக் கீழே புளிப்பு, மேலே காரம். வீட்டில் டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு, பார்க்கும் கருவி ஏற்கெனவே இருந்தது. போர் தண்ணீரில் அது 1,140 காட்டியது, கேன் தண்ணீரில் 60. பி.எச். தாளில் போர் தண்ணீர் ஏழரையை ஒட்டி இருந்தது. அதையே பத்து நிமிடம் கொதிக்கவைத்துப் பார்த்தால் எட்டரைக்குப் போய்விட்டது. காம்பில்லாத இதழ்களை அதில் ஊறவைத்தாலும் அதே பச்சை கலந்த நீலம். ஆக, நிறத்தைக் கெடுத்தது தண்ணீர், ருசியைக் கெடுத்தது காம்பும் கொதியும். மேலே படிந்த வெள்ளை ஆடை, எங்கள் வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் உப்பாகப் படிகிறதே, அதுதான். தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட் கொதிக்கும்போது கரியமில வாயுவை விட்டுவிடுகிறது. தண்ணீர் காரப் பக்கம் சாய்கிறது, சுண்ணாம்பு பிரிந்து மிதக்கிறது. சங்குப்பூ நீலம் காரத்தில் பச்சையாகவும் புளிப்பில் ஊதாவாகவும் திரும்புகிற நிறம்.

பிறகு பாப்பாவை உட்காரவைத்து, மருந்துக்கடையில் வாங்கிய கண் மருந்துச் சொட்டுக் குப்பியைக் கழுவி, அதில் எலுமிச்சைச் சாறு நிரப்பினோம். நூறு மில்லி நீலத் தண்ணீர் இரண்டு டம்ளர். அவள் சொட்டு எண்ணினாள், நான் நோட்டில் எழுதினேன். கேன் தண்ணீரில் ஐந்தாவது சொட்டிலேயே ஊதா தட்டியது. போர் தண்ணீரில் முப்பது சொட்டு ஆயிற்று. எங்கள் குப்பியில் இருபது சொட்டு ஒரு மில்லி. அதாவது முதல் ஒன்றேகால் மில்லிச் சாறு போர் தண்ணீரின் காரத்தைத் தணிப்பதிலேயே செலவாகிவிடுகிறது. கடலூரிலும் புதுச்சேரியிலும் போர் தண்ணீரில் செய்து பார்த்து, "நிறம் மாறவே இல்லை" என்று விட்டுவிட்டவர்கள் இருந்தால், அவர்கள் பூவில் குற்றமில்லை, தண்ணீரை மாற்றிப் பார்க்கட்டும்.

அதே நாளில் இன்னொன்றும் தெரிந்தது. நூறு மில்லிக்கு ஐந்து மில்லி சாறு வரைக்கும் நிறம் வேகமாக மாறுகிறது. நீலம், நீலஊதா, ஊதா. அதற்கு மேல் பத்து, பதினைந்து, இருபது மில்லி என்று ஊற்றினாலும் கொஞ்சம் சிவப்புத் தட்டுகிறதே தவிர, படங்களில் காட்டுகிற பளீர் ரோஸ் வரவில்லை. தாளில் பார்த்தால் மூன்றுக்குக் கீழே போய் அங்கேயே நிற்கிறது. அதற்கும் கீழே கொண்டுபோகத் தூள் சிட்ரிக் அமிலம் போட வேண்டியிருக்கும், பல் கூசும். குடிக்கிற புளிப்பில் கிடைப்பது ஊதா. எனக்கு அந்த ஊதாவே போதும், அழகாகத்தான் இருக்கிறது.

நிறம் கைக்கு வந்த பிறகு அடுக்கு. இரண்டு நிறமும் தனித்தனியாக நிற்க வேண்டும் என்று பாப்பா பிடிவாதம் பிடித்தாள். மூன்றாவது முயற்சியில் நீலத்தில் சர்க்கரை கலந்து, சர்க்கரை இல்லாத எலுமிச்சைத் தண்ணீர் மேல் ஊற்றினேன். கனமான நீலம் நேராக அடிக்கு இறங்கி, ஊற்றும்போதே எல்லாம் கலந்து போயிற்று. மறுமுறை மாற்றினேன். சர்க்கரை முழுக்க எலுமிச்சையில், நீலத்தில் ஒரு சிட்டிகைகூட இல்லை. டம்ளரின் அடியில் எலுமிச்சை, அதன்மேல் விளிம்பு வரைக்கும் ஐஸ் கட்டி, ஐஸ் கட்டியின் தலையில் நீலத்தைக் குழிக்கரண்டியின் முதுகு வழியாக நூல் போல ஊற்ற வேண்டும். நின்றது, நாலைந்து நிமிடம் அசையாமல் நின்றது. ஐஸ் குறைவாக இருந்தால் நிற்பதில்லை.

நடுவில் சோடா யோசனை வந்தது. பன்னீர் சோடா குடித்து வளர்ந்த ஊர்க்காரி நான், அந்த நுரை வேண்டும் என்று ஆசை. சாதா சோடாவில் நீல டிக்காஷனைக் கலந்ததும் எலுமிச்சை படுவதற்கு முன்பே நிறம் ஊதாப் பக்கம் லேசாகச் சாய்ந்துவிட்டது, சோடாவே கொஞ்சம் புளிப்புத்தானே. குமிழி ஏறி ஏறி அடுக்கையும் கலக்கிவிட்டது. கண்ணுக்குக் காட்டுவதற்கு சோடா ஒத்துவராது. நிறம் மாறி முடிந்த பிறகு மேலே ஒரு வாய் சோடா ஊற்றிக் குடித்தால் நன்றாகவே இருக்கிறது.

இனிப்பில் நாட்டுச் சர்க்கரை, பனங்கற்கண்டு இரண்டையும் போட்டுப் பார்த்தேன். உடம்புக்கு நல்லது என்று மனம் அந்தப் பக்கம்தான் இழுத்தது. ஆனால் அவற்றின் பழுப்பு, ஊதாவோடு சேர்ந்து சாக்கடை நிறமாகிறது. வெள்ளைச் சர்க்கரை அல்லது டைமண்டு கற்கண்டு மட்டுமே சரி. உப்பு ஒரு சிட்டிகை போடலாம், அது நிறத்தை ஒன்றும் செய்யவில்லை.

இதுவரைக்கும் ஏப்ரல் முதல் வாரம். கடையில் பார்த்ததை அப்படியே வீட்டில் செய்தாகிவிட்டது. ஆனால் கடையில் இல்லாதது இதிலும் இல்லை. சங்குப்பூவுக்கு மணமே கிடையாது. நீலத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடும் பூ அது. மலர் எலுமிச்சைச் சாறு என்று பெயர் வைத்தால் மூக்குக்கும் ஒரு மலர் வேண்டாமா?

பன்னீர் ரோஜாவைத்தான் முதலில் நினைத்தேன். பான்பரி மார்க்கெட் பக்கம் பூக்காரம்மாவிடம் கால் கிலோ கேட்டபோது, எதற்கு என்றார். சர்பத்துக்கு என்றேன். "தலைக்கு வைக்க, சாமிக்குப் போட வாங்கிக்கம்மா. வாயில வைக்கிறதுக்கு வேணாம், மருந்தடிச்சுதான் வருது" என்றார். வியாபாரத்தை விட்டுவிட்டு அப்படிச் சொன்ன மனசுக்கு இன்றைக்கும் கும்பிடுகிறேன். மல்லிகையும் அப்படித்தான், அரும்பைப் புழு துளைக்காமல் இருக்கத் தோட்டத்தில் மருந்தடிக்கிறார்கள். கடைப்பூ எதுவும் இதற்கு வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். புட்டியில் அடைத்த பன்னீர் இரண்டு தேக்கரண்டி விட்டுப் பார்த்ததில், பாப்பா "சோப்பு மாதிரி இருக்கு" என்று டம்ளரைத் தள்ளிவிட்டாள். வெட்டிவேர் போட்ட தண்ணீர் எனக்கு மிகவும் பிடித்தது, ஆனால் அது வேரின் மணம், மண்ணின் மணம்.

வழி காட்டியது எங்கள் ஊரின் பெயர். திருப்பாதிரிப்புலியூர் பாடலீசுவரர் கோவிலின் தலமரம் பாதிரி. ஊர்ப் பெயரிலேயே இருக்கும் பூ. பாதிரிப்பூவைப் புதுப் பானைத் தண்ணீரில் போட்டால் தண்ணீருக்கு மணம் ஏறிவிடும் என்பதை நாலடியார் உவமையாகச் சொல்கிறது. கல்லாதவரும் கற்றவரோடு பழகினால் நல்லறிவு பெறுவார்கள் என்பதற்கு அந்த உவமை. பள்ளியில் மனப்பாடம் செய்து மார்க் வாங்கிய பாட்டு, இத்தனை வருடம் கழித்து ஒரு செய்முறையாக என் முன்னால் வந்து நின்றது. புதுப் பானை, பூ, குளிர்ந்த தண்ணீர், அவ்வளவுதான். அடுப்பு இல்லை. கோவில் மரத்தில் கை வைக்க மனம் வரவில்லை. பூவை மாற்றிக்கொள்ளலாம், முறை அதுவே என்று முடிவு செய்தேன்.

அம்மாவிடம் சொன்னதும், "இதுல என்னடி புதுசு? எங்க ஊர்ல கல்யாண வீட்டுப் பந்தல்ல பானைத் தண்ணியில மல்லி போட்டுதான் வைப்பாங்க" என்றார். இரண்டு மாதமாக அடுப்படியில் நான் அலைந்துகொண்டிருந்தபோது இவர் அருகிலேயே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் கேட்கவில்லை.

எங்கள் மொட்டை மாடியில் குண்டுமல்லி இரண்டு தொட்டி இருக்கிறது. வேப்பம்புண்ணாக்கு தவிர ஒன்றும் போடாத செடி. சித்திரை வெயிலில் நாளைக்கு முப்பது, நாற்பது அரும்பு வரும். புதுச்சேரி சாலையோரம் அடுக்கி வைத்து விற்பவரிடம் மூன்று லிட்டர் மண்பானை ஒன்று 150 ரூபாய்க்கு வாங்கினேன். நிரப்பி உடனே குடித்தால் மண் வாடைதான் தூக்கும். மூன்று நாள் தண்ணீர் ஊற்றி, தினமும் மாற்றி, நாலாம் நாள்தான் பயன்படுத்த வேண்டும்.

அங்கேயும் ஒரு தப்பு செய்தேன். ஒரே வேலையாக முடியட்டும் என்று நீலத் தண்ணீரையே பானையில் ஊற்றி, அதில் மல்லி அரும்பைப் போட்டேன். காலையில் தண்ணீர் வெளுத்திருந்தது, பானையின் உள்பக்கம் நீலமாகியிருந்தது. மண் அந்த நிறத்தைக் குடித்துவிட்டது. ஒரு நாள் பூ அத்தனையும் வீண். பானையைத் தேய்த்தும் போகவில்லை, இன்றுவரைக்கும் உள்ளே நீலம்தான். அதன் பிறகு பானையில் வெறும் தண்ணீர் மட்டும். கேன் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றி ஒரு லிட்டர் ஊற்றுகிறேன்.

எத்தனை அரும்பு, எத்தனை நேரம் என்பதில்தான் மீதி நாள் போயிற்று. பத்து அரும்புக்கு ஒன்றும் தெரியவில்லை. நாற்பது போட்டுக் காலை எட்டு மணிக்கு எடுத்தபோது மணம் தலையை வலிக்கச் செய்தது, தண்ணீரில் புல் மாதிரி ஒரு கசப்பு. இதழ் ஓரம் பழுப்பாகியிருந்தது. பழுப்பாகிற வரைக்கும் விட்டதுதான் தவறு. இப்போது மாலை ஆறரைக்கு, மறுநாள் அல்ல அன்றிரவே விரியப் போகிற முற்றிய வெள்ளை அரும்பாகப் பார்த்து இருபத்தைந்து பறிக்கிறேன். பச்சைக் காம்பைக் கிள்ளி, ஒருமுறை அலசி, ஏழு மணிக்குப் பானையில் மிதக்கவிட்டு, வாயை மல்துணியால் கட்டித் தட்டு போட்டு மூடுகிறேன். அரும்பு தண்ணீரின் மேலேயே விரிகிறது. விடியற்காலை நாலரை, ஐந்து மணிக்கு அம்மா எழுந்திருக்கும்போது பூவை அரித்து எடுத்துவிடுகிறார். பூ அப்போது இன்னும் வெள்ளையாக இருக்கும். தண்ணீர் உடனே பாட்டிலில் ஊற்றப்பட்டு ஃப்ரிட்ஜுக்குப் போகும். அன்றே தீர்த்துவிட வேண்டும், மறுநாளுக்கு வைப்பதில்லை.

ஏழாவது, எட்டாவது முயற்சிகளில் மணம் ஏறிய தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டே தோற்றேன். ஏழாவதில், மல்லித் தண்ணீரில் சர்க்கரையைப் போட்டு அடுப்பில் வைத்துப் பாகு காய்ச்சினேன். வீடு முழுக்க மல்லி மணத்தது. வீட்டில் மணந்தது டம்ளருக்கு எப்படி வரும்? பாகில் இனிப்பு மட்டும் மிஞ்சியது. எட்டாவதில் பாகைத் தனியாகக் காய்ச்சிவிட்டு, ஆறுவதற்குள் அவசரப்பட்டுச் சேர்த்தேன், பாதி மணம் போயிற்று. ஒன்பதாவதில் சூடே இல்லை. டைமண்டு கற்கண்டை மிக்ஸியில் மாவாக அரைத்து, குளிர்ந்த மல்லித் தண்ணீரில் கலக்கிக் கரைத்தேன். கரைய ஆறு, ஏழு நிமிடம் ஆகிறது, பொறுமையாகக் கலக்க வேண்டியதுதான். அதைத்தான் நேற்று பாப்பா குடித்தாள்.

நேற்றைய அளவு இது, 300 மில்லி கண்ணாடி டம்ளர் ஒன்றுக்கு. மல்லித் தண்ணீர் 70 மில்லி, அதில் அரைத்த கற்கண்டு 20 கிராம், எலுமிச்சைச் சாறு 15 மில்லி, உப்பு ஒரு சிட்டிகை. இது அடி அடுக்கு. டம்ளர் நிறைய ஐஸ். மேலே நீலம் 80 மில்லி. நீலத்துக்குக் கணக்கு, அரை லிட்டர் கேன் தண்ணீருக்கு அடுக்குப் பூவாக இருந்தால் முப்பது, ஒற்றைப் பூவாக இருந்தால் ஐம்பது. எங்கள் மார்க்கெட்டில் வரும் நாட்டு எலுமிச்சை ஒன்றில் பதினைந்து முதல் இருபது மில்லி சாறு இறங்குகிறது. ஆகவே டம்ளருக்கு ஒரு பழம் என்று கண்ணை மூடிக்கொண்டு வைத்துக்கொள்ளலாம். விதை நசுங்கினால் கசக்கும், வடிகட்டித்தான் ஊற்ற வேண்டும். அம்மாவுக்குச் சர்க்கரை நோய். அவருக்குக் கற்கண்டு இல்லாமல் மோர் டம்ளரில் கலந்து கொடுக்கிறேன். அடுக்கு நிற்காது, அவருக்கு அது பொருட்டும் இல்லை.

செலவு என்று பார்த்தால், பானை 150, பி.எச். தாள் 120, சொட்டுக் குப்பி, மல்துணி எல்லாம் சேர்த்து ஒரு 60. ஆரம்பத்தில் வீட்டுப் பூ போதாது என்று பயந்து, காய்ந்த சங்குப்பூ 50 கிராம் 250 ரூபாய்க்குத் தபாலில் வரவழைத்தேன். வந்தது பழுப்பேறிய பழைய சரக்கு, காம்பும் தூசுமாக. நிறம் மங்கலாக இறங்கியது. அந்தக் காசு போனதுதான். டம்ளர் ஒன்றுக்குச் செலவு, இப்போதைய கோடை விலையில் எலுமிச்சை 7 ரூபாய், கற்கண்டு 3, கேன் தண்ணீரும் ஐஸும் 2. பன்னிரண்டு ரூபாய். பூவுக்கு விலை இல்லை.

பூவை நாங்களே காயவைக்கவும் கற்றுக்கொண்டோம். வெயிலில் போட்டால் நீலம் வெளுக்கிறது. மின்விசிறிக்குக் கீழே, வடகம் போடும் துணியில், ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி வைத்தால் மூன்று நாளில் மொறுமொறுவென்று காய்கிறது. ஆனால் நம்முடையது கடலோரக் காற்று. காய்ந்த பூவை ஒரு ராத்திரி வெளியே மறந்து வைத்தால் மறுநாள் துவண்டுவிடும். காய்ந்த சூட்டோடு மூடி இறுக்கமான பாட்டிலில் போட்டுவிட வேண்டும். காம்பு கிள்ளாமல் காயவைத்த முதல் பாட்டிலில், காம்பில் இருந்த ஈரத்தால் பூஞ்சை வந்து, முழுசாகக் கொட்டினேன்.

கேட்பவர்களுக்கு நான் சொல்லும் எச்சரிக்கை ஒன்றே. இந்தக் கொடியில் பூவைத் தவிர எதையும் டம்ளருக்குக் கொண்டுவர வேண்டாம். விதையும் வேரும் பேதியாகும். கர்ப்பிணிகளுக்கு இதை நான் கொடுப்பதில்லை. பக்கத்து வீட்டுப் பெண் ஆசையாகக் கேட்டபோதுகூட, மல்லித் தண்ணீரில் வெறும் எலுமிச்சைச் சாறு மட்டும்தான் கலந்து கொடுத்தேன்.

அடுத்த முறை மாற்றப் போவது மூன்று. நீலத்தை டம்ளரில் ஊற்றாமல் ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து, மல்லி எலுமிச்சைச் சாற்றில் நீலக் கட்டியாக மிதக்கவிடப் போகிறேன். கட்டி கரையக் கரைய நிறம் தானாக இறங்கும், கரண்டி முதுகு வித்தை எதுவும் வேண்டியதில்லை, குழந்தைகள் பத்துப் பேர் வந்தாலும் சமாளிக்கலாம். இரண்டு கட்டி மட்டும் சோதனைக்கு வைத்துப் பார்த்தேன், நீலம் குறையவில்லை. இரண்டாவது, இன்னொரு பானை. நீலம் ஏறிய இந்தப் பானையில் மணம் நன்றாகத்தான் வருகிறது, ஆனால் பத்து நாளாகத் தொடர்ந்து பயன்படுத்தியதில் முதல் நாள் இருந்த குளிர்ச்சி இல்லை. வெயிலில் ஒரு நாள் காயவைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் சரியாகும் என்கிறார் அம்மா.

மூன்றாவது பாதிரி. நாற்றங்காலில் கன்று ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன், ஆடி மழையில் தருவதாகச் சொன்னார்கள். முருங்கை விழுந்த இடம் மதிலோரம் இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது. குழியை நேற்றே தோண்டிவிட்டேன், இரண்டடி ஆழம், இரண்டடி அகலம். தோண்டிய மண்ணில் பழைய சங்குக்கொடியின் வேர் ஒன்று வந்தது. பாப்பா அதை எடுத்து ஓரமாக நட்டு வைத்துவிட்டு, "பாதிரி பூக்க எத்தனை வருஷம் ஆகும் அத்தை?" என்று கேட்டாள். நீ காலேஜ் போகும்போது பார்க்கலாம் என்றேன். மணி ஆறரை ஆகியிருந்தது, கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அரும்பு பறிக்க மாடிக்கு ஏறினோம்.